எண் 214, உயரம் நான்கு

ஆய்வு நிலையக் குடியிருப்பு
ஆகஸ்டு 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கன்னம் பளபளக்கிறது. நலம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம்.

படத்துக்கு மேலே ‘காடு மலையேறுகிறது’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். நம் பேச்சில் எதையெல்லாம் மலையேறிவிட்டது என்று சொல்வோம் என்பது அந்தத் தலைப்பை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும். தெரிந்தும் கீழே சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால் தெரிகிற மரங்கள் ரோப் கார் நிலையத்து வாசலில் சிமெண்டுத் தொட்டியில் நிற்பவை. மலையில் மரம் வளரக்கூடிய கடைசி உயரத்தைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல வந்த தலைமை ஆய்வாளர், வண்டியிலிருந்து இறங்கி முப்பதடி நடந்து, தொட்டிச் செடி பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். நம் வீடு அங்கிருந்து இருபது நிமிடம். அம்மாவை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை என்றால் வேலை எவ்வளவு இருந்திருக்கும் என்று புரிந்துகொண்டேன்.

அம்மா படத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். புள்ள மெலிஞ்சுட்டான் என்றாள். மெலியலம்மா, பத்தியில அடங்கணும்னு படத்தை ஒடுக்கிட்டாங்க என்றேன். அவன்னா உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராது என்றாள். காது முன்னைவிட மந்தம். இந்த மாதிரிப் பேச்சு மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. முழங்கால் மாத்திரையை ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். கேட்டால், வலிக்கிறப்பத்தானே மருந்து என்கிறாள்.

இனி விஷயம். நெட்டை அண்ணனுக்கு ஜூலையில் குடலிறக்க அறுவை நடந்தது. மூன்று மாதம் ஏற்றம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது வருடமாக நம் கட்டங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் இந்த முறை இலையுதிர் காலத்துக்குக் காத்திராமல் நானே போனேன். நீ கட்டங்களை மறந்திருப்பாய். படம் போட்டுக் காட்டிக் காட்டி அவை உனக்குப் படமாகவே ஆகியிருக்கும். மரங்கள் நின்றுபோகிற இடத்துக்கு மேலே, வெறும் கல்லும் புல்லுமாக இருந்த சரிவில், தானாக முளைத்திருந்த நானூறு கன்றுகளுக்கு ஒவ்வொன்றாய் எண் தகடு குத்தினோம். வெப்பம் கூடுகிறது, ஆகவே மரம் மேலே ஏறும், ஏறுகிறதா பார்ப்போம் என்றாய். அன்று உன் முழங்காலெல்லாம் மண். அந்த ஆளை எனக்குப் பிடிக்கும்.

நெட்டை அண்ணன் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அளந்து வந்து கொடுப்பார். நான் பதிவேட்டில் ஏற்றி உனக்கு அனுப்புவேன். உன் கணினி அதைத் தின்று பச்சை அம்புக்குறியாகத் துப்பும். உன் அறிக்கைப்படி நானூறில் முந்நூற்று அறுபத்திரண்டு உயிரோடு இருக்கின்றன. உலகத்தில் எந்த மலையுச்சியிலும் கன்றுகள் இவ்வளவு சமர்த்தாகப் பிழைத்ததில்லை. அப்போதே உனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாராட்டு வந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது 214. உன் அறிக்கையில் அதன் உயரம் பதினெட்டு சென்டிமீட்டர். குனிந்து பார்த்தால் என் சுண்டுவிரல்கூட இல்லை. அளந்தேன். நான்கு. இந்த மரம் வருடத்துக்கு ஒரு வடுவைத் தண்டில் வைத்துக்கொண்டே வளரும், அதை எண்ணினால் வயது தெரியும் என்று நீதான் கருத்தரங்குகளில் சொல்கிறாய். எண்ணினேன். இரண்டு. குறைந்தது ஒன்பது வயது இருக்க வேண்டிய கன்றுக்கு இரண்டு வயது. ஒரு சாண் தள்ளி, கல் இடுக்கில் காய்ந்த குச்சி ஒன்று நின்றது. அதன் அடியில் தகட்டுக் கம்பி முன்பு குத்தியிருந்த துளை இன்னும் இருந்தது.

பதினொரு நாள் மேலேயே கூடாரத்தில் தங்கி எல்லாவற்றையும் எண்ணினேன். ஒன்பது வயதுக்குக் குறையாதவை முப்பத்தொன்று. மீதி முந்நூற்று முப்பத்தொன்றும் செத்தவற்றின் தகட்டைச் சுமந்துகொண்டு நிற்கிற பச்சைக் குழந்தைகள்.

இறங்கியதும் நெட்டை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகட்டை மாத்தினீங்களாண்ணா என்று கேட்டேன். அவர் முகத்தில் பயம் எதுவும் இல்லை. ஆமாம்மா, செத்ததோட தகட்டைப் பிடுங்கிப் பக்கத்துல இருக்கிறதுக்குக் குத்திடுவேன், வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் செய்யறேன் என்றார். ஏன் என்று கேட்டேன். ஏன்னா என்னம்மா என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார். நட்டு வளர்க்கிற தோப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே குழிக்கு எண். கன்று செத்தால் அதே எண்ணில் வேறு கன்று. மொட்டைக் குச்சியாக ஓர் எண் நின்றால் மேலதிகாரி வந்து எல்லோர் முன்னாலும் திட்டுவார். கன்னு சாகலாம், எண்ணு சாகக்கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்றார். பக்கத்தில் வேறு கன்று கிடைக்காத இடத்தில் மட்டும் செத்தது என்று எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டு இடம். உன் அறிக்கையில் மொத்தச் சாவும் அந்த முப்பத்தெட்டுதான்.

அவர் மனைவி உள்ளேயிருந்து, ஆஸ்பத்திரிலயும் கட்டில் நம்பர் சரியில்லைன்னு நர்சோட சண்டைம்மா இவரு என்றாள். மூவரும் சிரித்தோம். அவர் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரை நான் திட்டவில்லை. செத்ததை அப்படியே விட வேண்டும், சாவுதான் நமக்கு வேண்டிய கணக்கு என்று நாம் யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. படித்தவர்களான நமக்கு அது சொல்லாமலே விளங்குகிற விஷயமாக இருந்தது.

எப்படிச் சாகின்றன என்பதும் தெரிந்தது. முன்பெல்லாம் மே முடியும்வரை பனி மூடியிருக்கும். கன்றுகளுக்கு அதுதான் போர்வை. இப்போது ஏப்ரலிலேயே உருகிவிடுகிறது. போர்வை போனதும் கன்று துளிர்க்கிறது, பின்னால் வருகிற ஓர் இரவு உறைகுளிர் துளிரைக் கருக்குகிறது. அதில் தப்பியது ஜூலையில் ஈரமில்லாமல் காய்கிறது. வெப்பம் கூடியதால் குளிரில் சாகின்றன. மேலே முளைப்பது நிஜம், தம்பி. நிலைப்பது பொய். பிறப்பை மட்டும் எழுதி, சாவை எழுதாத ஊர் எப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

உன் அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தை நேற்று மறுபடி படித்தேன். ‘மேல் எல்லையில் நிலையான புதிய தலைமுறை உருவாகிவிட்டபடியால், கீழ்ச்சரிவிலுள்ள முதிய மரங்களை அகற்றுவது காட்டின் தொடர்ச்சியைப் பாதிக்காது.’ இதை எழுத உனக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? ரோப் காருக்கு இரண்டாவது தடமும் வண்டி நிறுத்துமிடமும் போட அந்த ஒரு வாக்கியம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த முதிய மரங்கள்தான் விதை மரங்கள். மேலே முளைக்கிற ஒவ்வொன்றும் அவற்றின் பிள்ளை. கீழேயிருந்து மரம் துளைக்கிற வண்டு ஏறி வருகிறது. வண்டுக்கு எஞ்சியவற்றை ரோப் காருக்கு அனுமதி தருகிற குழு வெட்டச் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் மேலே முளைக்கக்கூட எதுவும் இருக்காது. செப்டம்பர் இருபதாம் தேதி குழு கூடுகிறது. அதற்குள் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள். முந்நூற்று முப்பத்தொரு எண்ணும் வயதும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா உன்னைக் கேட்டாள்.

இப்படிக்கு
அக்கா


ஆகஸ்டு 27

தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. மேலே நிறுவனச் சின்னம், அதன் கீழே கோப்பு எண், ‘பார்வை: தங்களது 9-ஆம் தேதிய கடிதம்’. என்னைத் தங்களது என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பல் தேய்த்துவிட்டவளுக்கு இது ஒரு பதவி உயர்வுதான்.

கம்பளிச் சால்வை வந்தது. அம்மா அதைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தாள். போனில் அவளிடம், அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை போல, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு என்று சொன்னாயாம். காட்டினேன். படிக்கிற கண்ணாடியின் எண் கால் கூடியிருக்கிறது. நான்கைப் பதினெட்டாகக் காட்டுகிற அளவுக்குக் கெடவில்லை.

அளவீட்டில் பிழை சகஜம், பொதுப் போக்கை அது மாற்றாது என்கிறாய். நானூறில் முந்நூற்று முப்பத்தொன்று பிழை என்றால், பிழைதான் போக்கு. இது உனக்குப் புரியாமலில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். உனக்குப் புரிகிறது என்பதால்தான் எனக்கு உன் மேல் இவ்வளவு இளக்காரம். மட்டி என்றால் பரிதாபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன்.

கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். ‘சம்பந்தப்பட்ட களப்பணியாளரின் அலட்சியம் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ அந்தச் சம்பந்தப்பட்ட களப்பணியாளருக்கு ஒரு பெயர் உண்டு. முதல் வருடம் மூடுபனியில் வழி தெரியாமல் நீ பாறையில் உட்கார்ந்து அழுதபோது உன்னைத் தேடி வந்து முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினவர் அவர். அன்று உன் கால் சுளுக்கியிருந்தது என்று நீ பிறகு எல்லோரிடமும் சொன்னாய். சுளுக்கவில்லை. அவரும் அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருடம் சென்டிமீட்டர் பிசகாமல் அளந்தவர் அவர். நான்கு என்றால் நான்கு என்றுதான் எழுதிக் கொடுத்தார். அதைப் பதினெட்டு ஆக்கியது அவர் அல்ல.

இதைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். முதல் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதிவிட்டு அடித்தேன். அதனால்தான் அதை வேறு தாளில் படியெடுத்து அனுப்பினேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், அக்டோபர். நெட்டை அண்ணன் கொடுத்த பட்டியலில் ‘எண் 214, உயரம் நான்கு’ என்று இருந்தது; அந்தக் கன்றும் செத்து, இப்போது நிற்பது அதற்குப் பின் வந்த இன்னொன்று. முந்தின வருடம் பதினெட்டு. மரம் சுருங்குமா என்று நான் உனக்குப் போன் செய்தேன். உனக்கு நினைவிருக்கும். அந்த வாரம் உன்னைத் தலைமையகத்துக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.  உன் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு, அண்ணன் ஏதோ தப்பா எழுதிட்டாருக்கா, போன வருஷ உயரத்தையே போட்டுடு என்றாய். அந்தப் பட்டியலில் சுருங்கியவை இன்னும் நாற்பத்துச் சொச்சம் இருந்தன. எல்லாத்துக்குமா என்று கேட்டேன். எல்லாத்துக்கும்தான் என்றாய். போட்டேன். என் கையெழுத்தில், நீல மையில், பதினெட்டு என்று போட்டேன். மறுவருடம் அதை நீ கணினிக்கே விதியாக்கிவிட்டாய். போன வருடத்தைவிடக் குறைந்த உயரம் வந்தால் அது தானாகவே பழைய உயரத்தை எடுத்துக்கொள்ளும். அப்புறம் எனக்குப் போன் செய்கிற வேலையும் இல்லாமல் போயிற்று.

ஏன் போட்டேன் என்று இந்த இரண்டு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. நானும் தாவரவியல் படித்தவள். எழுந்து போய் அரை நாள் நடந்தால் 214-ஐப் பார்த்திருக்கலாம். முழங்கால் வலி, மழை, அம்மாவுக்குச் சளி என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது. பார்க்காமல் இருப்பதற்கு நான் உழைத்த உழைப்பு, பார்ப்பதற்கு வேண்டியதைவிட அதிகம். தம்பி பெரிய இடத்துக்குப் போய்விட்டான் என்று கடைக்காரர் சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். உன்னை இளக்காரமாகப் பேசுகிற வாய்க்கு அந்த ருசியும் தெரியும்.

ஆகவே செய்தது நீயும் நானும். நெட்டை அண்ணன் மேல் ஒரு தாள் நகர்ந்தாலும், பதிவேட்டைத் திருத்தியது நான்தான் என்று நான் எழுதிக் கொடுப்பேன். எழுதியே வைத்திருக்கிறேன். நாளைக் காலைத் தபாலில் குழுவுக்குப் பதிவேட்டின் நகலோடு போகிறது. உன்னைக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டால் நீ ஏதாவது சொல்வாய். அதனால் கேட்கவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பி,

குழுவின் எழுத்தரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. மிகவும் மரியாதையான ஆள். என் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டார்களாம். ஆனால் பதிவேடு எழுதுகிறவர் சொல்லி அறிக்கையை நிறுத்திவைக்க விதியில் இடமில்லையாம். முதன்மை ஆசிரியர் ஒருவர்தான் எழுத்து மூலம் திரும்பப் பெற முடியும், கடைசி நாள் பதினெட்டு என்று எழுதியிருக்கிறார். எதிர்பார்த்தேன். பொய்யை உள்ளே அனுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது, வெளியே எடுக்க நீ ஒருவன் போதும்.

நேற்று கீழ்ச்சரிவுக்குப் போனேன். மரங்களில் சிவப்புச் சாயம் போட்டிருக்கிறார்கள், மார்பு உயரத்தில் ஒரு பட்டை. சாயம் போட வந்தவர்கள் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். உட்காருங்கக்கா என்று அவர்களுடைய பெட்டியைத் தள்ளிக் கொடுத்தார்கள். ஒருவர், மேலதான் புதுக் காடு வருதாமே, பேப்பர்ல போட்டிருந்தாங்க, இதெல்லாம் எப்படியும் கிழடு தட்டிப்போனதுதானே என்றார். அது உன் வாக்கியம், தம்பி. கொஞ்சம் சுருக்கமாக, கொஞ்சம் நல்ல தமிழில்.  இந்த வருடம் காய்ப்பு வருடம். உச்சிக் கிளைகள் காய்களின் கனத்தில் தொங்குகின்றன. காய் அக்டோபரில்தான் வெடிக்கும். இருபதாம் தேதி ஒப்புதல் கிடைத்தால் இருபத்தைந்தில் வெட்டத் தொடங்குகிறார்கள். விதை மரத்திலேயே இருக்கும்போது மரம் விழும்.

நெட்டை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேல் பழி போட நீ எழுதியதை மட்டும் சொல்லவில்லை.  அப்ப நான் ஒன்பது வருஷமா கெடுத்துட்டேனாம்மா என்றார். இல்லண்ணா, நீங்க அளந்தது எல்லாம் சரி, நாங்கதான் மாத்தினோம் என்றேன். தம்பியுமா என்றார். ஆமாம் என்றேன். அதற்கு அவர், சின்னப்புள்ள, பயந்திருக்கும் என்றார். உனக்கு நாற்பது வயதாகிறது என்று அவருக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை.

டாக்டர் இன்னும் ஒரு மாதம் கூடாது என்றிருக்கிறார். இருந்தாலும் திங்கட்கிழமை என்னோடு மேலே வருகிறேன் என்று பிடிவாதம். எந்தத் தகட்டை எந்த வருடம் எங்கிருந்து மாற்றினார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. அவர் சொல்லச் சொல்லச் செத்தவற்றின் பட்டியலை முதல்முறையாக ஒழுங்காக எழுதப்போகிறோம். இரண்டு இடத்தில் இளைப்பாறினால் ஏறிவிடலாம். அவர் பையை நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன்னைப் பற்றி இரண்டு கடிதம் முழுக்கக் கசப்பாகவே எழுதிவிட்டேன். எதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. இன்னும் நாலு வார்த்தை மிச்சம் வைத்திருக்கிறேன், அதை நேரில் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டால் உன் பதவி போகும் என்று தெரியும். பத்திரிகை வேறு மாதிரி எழுதும் என்றும் தெரியும். போடாவிட்டால் எதுவும் ஆகாது. நீ நன்றாகவே இருப்பாய், அம்மாவுக்கு இன்னொரு சால்வை வரும். எனக்குப் பயம் அதுதான்.

பதினெட்டாம் தேதிக்குள் அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே நேராக வண்டி ஏறு. ஊரில் யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. நிலையத்துப் பின்வழியாக மேலே வந்துவிடு. கூடாரத்தில் மூன்று பேர் படுக்கலாம். முப்பத்தொன்று நிஜமாகவே பிழைத்திருக்கின்றன, எல்லாம் ஏதாவது ஒரு பாறையின் மறைவில். ஏன் அந்த இடத்தில் மட்டும் என்று எனக்குப் பாதிதான் புரிகிறது. பார்த்தால் உனக்குப் புரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வந்தால் நீ குனிந்து அளந்து சொல், நான் எழுதிக்கொள்கிறேன். இத்தனைக்குப் பிறகும் நீ எதைச் சொன்னாலும் எழுதிவிடுவேனோ என்று எனக்கு இருக்கிறது. அதனால் உள்ளதைச் சொல்லப்பா.

உன்
அக்கா